முன்னால் நடந்தவர்கள்: அண்மையில் வாசித்த சில சாகச நூல்கள்

கடந்த சில மாதங்களாகச் சாகச நூல்களையே தொடர்ந்து வாசித்து வருகிறேன். வேட்டை, மலையேற்றம், துருவப் பயணம், கடற்பயணம், சிறையிலிருந்து தப்பித்தல் என்று வகைகள் பல. சிலவற்றைத் தருமபுரிப் புத்தகத் திருவிழாவில் வாங்கினேன். சிலவற்றை நூலகத்தில் எடுத்தேன். ஒன்றிரண்டைப் பெங்களூரிலுள்ள நண்பர் கொடுத்தனுப்பினார். இவற்றை அடுத்தடுத்து வாசித்ததில், ஒரு சாகச நூலை மதிப்பிடுவதற்கான அளவுகோல் ஒன்று என் மனத்தில் உறுதிப்பட்டிருக்கிறது. ஆபத்து எவ்வளவு பெரியது, நாயகன் எவ்வளவு துணிந்தவன் என்பதெல்லாம் எனக்கு இப்போது இரண்டாம்பட்சம். அந்த நாயகனுக்கு முன்னால் நடந்து தடம் காட்டியவர், பாரம் சுமந்தவர், படகைச் செப்பனிட்டுக் கொடுத்தவர் ஆகியோரை அந்த நூல் எவ்வளவு தெளிவாகப் பார்க்கிறது என்பதைத்தான் முதலில் கவனிக்கிறேன்.

இந்த எண்ணம் வேட்டை எழுத்தாளர் கென்னத் ஆண்டர்சனிடமிருந்து தொடங்கியது. பென்னாகரத்தில் வாழும் ஒருவனுக்கு அவர் வெளியூர் எழுத்தாளர் அல்லர். 1910இல் பிறந்து 1974இல் மறைந்த ஆண்டர்சன், பெங்களூரில் விமானத் தொழிற்சாலையில் பணியாற்றியவர். விடுமுறை கிடைத்தபோதெல்லாம் நம் காடுகளுக்கு வந்தவர். ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, பென்னாகரம், ஒகேனக்கல் என்று அவர் எழுதும் பெயர்கள் எல்லாம் நம் பேருந்துகளின் முகப்புப் பலகையில் அன்றாடம் காண்பவை. அவர் காலத்தில் இவை அனைத்தும் சேலம் மாவட்டத்தில் இருந்தன. தருமபுரி 1965இல் தனி மாவட்டமானது. அதிலிருந்து கிருஷ்ணகிரி 2004இல் பிரிந்தது. ஆகவே அவர் ‘சேலம் ஜில்லாக் காடுகள்’ என்று எழுதுமிடங்களில் பெரும்பாலானவை இன்றைய நம் இரு மாவட்டங்களின் காடுகள்தாம்.

அவருடைய முதல் நூலான ‘நைன் மேன்-ஈட்டர்ஸ் அண்ட் ஒன் ரோக்’ 1954இல் வெளிவந்தது. அதில் ஜவளகிரிப் பெண்புலியைப் பற்றிய கதை, நிலவொளி படர்ந்த காட்டில் அந்தப் புலி தன் துணையை அழைக்கும் குரலோடு தொடங்குகிறது. அந்தத் துணையோ ஏற்கெனவே சுட்டுக் கொல்லப்பட்டுவிட்டது. பின்னாளில் ஆட்கொல்லியாகப்போகும் ஒரு விலங்கை, அதன் இழப்பின் வழியாக வாசகருக்கு அறிமுகப்படுத்தும் இந்தத் தொடக்கம் ஆண்டர்சனின் எழுத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடங்களில் ஒன்று. வேட்டைக்காரர் எழுதிய நூலாக இருந்தும், துப்பாக்கி வெடிக்கும் கணத்தைக் காட்டிலும் அதற்கு முந்தைய இரவுகளே அவர் பக்கங்களில் அதிகம். காட்டு ஓடையின் மணலில் பதிந்த தடம், கேளையாடு என்னும் சிறு மானின் எச்சரிக்கைக் குரல், மரத்தின்மேல் கட்டிய பரணில் கால் மரத்துப்போக அமர்ந்திருக்கும் நேரம் ஆகியவற்றை அவர் அவசரமின்றி எழுதுகிறார்.

ஆயினும் நான் மீண்டும் மீண்டும் புரட்டுவது, காட்டில் அவருக்குத் துணையாக நடந்த பைராவும் ரங்காவும் வரும் பக்கங்களைத்தான். சின்னாற்றுப் பக்கத்துக் காட்டில் வாழ்ந்த பைராவுக்கென்றே முதல் நூலில் ஓர் அத்தியாயத்தை ஆண்டர்சன் ஒதுக்கியிருக்கிறார். பென்னாகரம் பக்கத்து ரங்கா, காட்டிலிருந்து மூங்கில் ஏற்றி வரும் மாட்டு வண்டியை ஓட்டியவர். அனுமதியில்லா வேட்டையிலும் பழக்கமுள்ளவர். இருவரையும் ஆண்டர்சன் புனிதர்களாக்கவில்லை. அவர்களுடைய பிடிவாதமும் அச்சமும் நோக்கமும் நூலில் இருக்கின்றன. அதனாலேயே அவர்கள் முழு மனிதர்களாக எழுந்து நிற்கிறார்கள். காய்ந்த சருகின் மேல் நடந்துபோன விலங்கின் தடத்தை பைரா படிக்கும்போது, ஆண்டர்சன் தமக்கு அது தெரியவில்லை என்று தயக்கமின்றி எழுதிவிடுகிறார். அக்கால ஆங்கில வேட்டை நூல்களில் உடன் வருபவர் பெரும்பாலும் பெயரில்லாத ‘சிகாரி’யாகவோ ‘கூலி’யாகவோதான் வந்துபோவார். அந்த வரிசையில் வைத்துப் பார்த்தால் ஆண்டர்சன் செய்தது பெரிய காரியம்.

குறையும் உண்டு. கிராமத்து மக்களைப் பற்றிப் பேசும்போது ‘மூடநம்பிக்கை’ என்ற முடிவுக்கு அவர் விரைவாக வந்துவிடுகிறார். புலி நடமாடும் காட்டில் விறகு பொறுக்கப் போய்த்தான் ஆகவேண்டும் என்ற நிலையிலுள்ள ஒரு பெண்ணின் அச்சத்தை, காரில் வந்து காரில் திரும்புகிறவர் அளக்கும் விதம் சில இடங்களில் என்னைச் சங்கடப்படுத்தியது. உரையாடல்கள் சிலவற்றில் கதைசொல்லியின் மெருகும் தெரிகிறது. இவற்றையெல்லாம் கணக்கில் கொண்ட பிறகும், நம் மாவட்டத்துக் காட்டைப் பற்றி இத்தனை நெருக்கமாக எழுதப்பட்ட வேறு நூல் எனக்குத் தெரிந்து இல்லை என்பதால், அவரைத் தமிழில் முழுமையாகவும் நல்ல வரைபடங்களோடும் வாசிக்கும் வாய்ப்பு நம் பிள்ளைகளுக்குக் கிடைக்கவேண்டும் என்று மிகவும் விரும்புகிறேன்.

பைராவின் திறன் எத்தகையது என்பதை நூலைவிட அஞ்செட்டிச் சாலையில்தான் நன்றாக உணர்ந்தேன். மார்கழித் தொடக்கத்தில் உறவினர் ஒருவரின் ராகிக் காட்டைப் பார்க்கப் போயிருந்தபோது, வனத்துறையின் வேட்டைத் தடுப்புக் காவலர் ஒருவர் எங்களோடு நடந்து வந்தார். காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயம் 2014இல் அறிவிக்கப்பட்ட பகுதியை ஒட்டிய ஊர் அது. ராகி கதிர் முற்றும் பருவத்தில் யானைகள் கூட்டமாக வந்து இறங்கும். விளைந்ததைக் காப்பாற்ற உழவர்கள் இரவெல்லாம் பரணில் டார்ச்சும் பட்டாசுமாக விழித்திருப்பார்கள். பாதையில் கிடந்த யானை விட்டையை அந்தக் காவலர் குச்சியால் மெல்லப் பிளந்தார். மேல்பக்கம் சற்றே காய்ந்திருந்தது. உள்ளே ஈரமும் இளஞ்சூடும் இருந்தன. செரிக்காத ராகி உமி நார்களுக்கிடையே கொத்தாகத் தெரிந்தது. “ஆனை விடியறதுக்கு முன்னாடிதான் தாண்டியிருக்குது சார். காட்டுத் தழை தின்ன ஆனை இல்ல, இந்தப் பக்கத்துக் கொல்லையில மேஞ்சுட்டுப் போனது. திரும்பவும் இங்கதான் வரும்” என்றார். பிறகு பாதையோரத்து வேப்பமரத்தில், என் தலைக்கு மேல் ஒரு முழ உயரத்தில் அப்பியிருந்த சேற்றைக் காட்டி, யானை உடம்பைத் தேய்த்துக்கொண்ட உயரம் அது என்றும், இது வளர்ந்த கொம்பன்தான் என்றும் சொன்னார். அவர் பேசியது அவ்வளவுதான். அன்றிரவு எந்தப் பக்கத்துப் பரணில் ஆள் கூடுதலாக இருக்கவேண்டும் என்பதை என் உறவினரும் அக்கம்பக்கத்தாரும் அந்தச் சொல்லை வைத்தே முடிவு செய்தார்கள்.

பைரா தானே சொல்லி எழுதப்பட்ட நூல் ஒன்று இருந்திருந்தால், ஆண்டர்சனின் நூல்களைவிட அது எவ்வளவு செறிவாக இருந்திருக்கும் என்று அன்று நினைத்தேன். அத்தகைய அறிவுள்ளவர்கள் பெட்டமுகிலாளத்திலும் நாட்றாம்பாளையத்திலும் இன்றும் இருக்கிறார்கள். அவர்களோடு அமர்ந்து கேட்டு எழுதும் பொறுமையுள்ள ஓர் இளைஞருக்காகக் காத்திருக்கிறேன்.

ஆண்டர்சனைப் பேசினால், இமயமலை அடிவாரத்துக் குமாவுன் பகுதியில் ஆட்கொல்லிப் புலிகளை வேட்டையாடிய ஜிம் கார்பெட்டைத் தவிர்க்க முடியாது. 1944இல் வெளிவந்த ‘மேன்-ஈட்டர்ஸ் ஆஃப் குமாவுன்’ நூலை தி.ஜ.ர. தமிழுக்குக் கொண்டுவந்திருக்கிறார், ‘குமாயுன் புலிகள்’ என்ற அந்தப் பழைய மொழிபெயர்ப்பின் நடை இன்றும் வாடவில்லை. 1907இல் கார்பெட் சுட்ட சம்பாவத் பெண்புலி 436 பேரைக் கொன்றதாகக் கணக்கு. அந்த எண்ணை எல்லோரும் எடுத்துச் சொல்வார்கள். ஆனால் அந்த அத்தியாயத்தில் என் நெஞ்சில் தங்கியவள், பேச்சை இழந்த ஒரு மலைக்கிராமத்துப் பெண். புலி தன் சகோதரியைக் கவ்விச் சென்றபோது, கையிலிருந்த அரிவாளோடு அதன் பின்னாலேயே ஓடி, அவளை விட்டுவிட்டுத் தன்னை எடுத்துக்கொள்ளும்படி கதறியவள் அவள். அந்த அதிர்ச்சியில் குரல் போய்விட்டது. வேட்டை முடிந்து திரும்பும் வழியில் கார்பெட் புலித்தோலை அவள் வாசலில் விரித்துக் காட்டியதும், அவள் ஊராரை அழைத்துக் கத்தியபடி ஓடினாள் என்று எழுதுகிறார். துப்பாக்கியோடு போனவரின் துணிவைவிடத் துப்பாக்கியில்லாமல் போனவளின் துணிவு பெரிது என்று கார்பெட் விளக்கிச் சொல்வதில்லை. ஆனால் அவர் அக்காட்சியை வைத்திருக்கும் இடமே அதை உணர்த்திவிடுகிறது. புலியின் வலப்பக்கக் கோரைப்பற்கள் பழைய துப்பாக்கிக் காயத்தால் உடைந்திருந்ததை அவர் கவனித்து எழுதியிருப்பதும் இந்த நேர்மையின் பகுதிதான்: வழக்கமான இரையை வேட்டையாட முடியாதபடி அதை ஆக்கியவன் ஒரு மனிதன்.

அடுத்து என்னை முழுமையாக ஆட்கொண்டது ஆல்ஃபிரட் லான்சிங் 1959இல் எழுதிய ‘எண்டூரன்ஸ்’. அக்கினி நட்சத்திர வெயிலில் மொட்டை மாடி அனலாகக் கொதித்த நாட்களில் அண்டார்க்டிகாவின் பனியைப் பற்றி வாசித்தேன். எர்னஸ்ட் ஷாக்கிள்டன் தலைமையில் 28 பேர் சென்ற எண்டூரன்ஸ் கப்பல், 1915 ஜனவரியில் வெட்டல் கடலின் பனிக்கட்டிகளுக்கிடையே சிக்கியது. பல மாதங்கள் பனியோடு மிதந்து, நசுங்கி, அதே ஆண்டு நவம்பரில் மூழ்கியது. பனியின் மேல் கூடாரமிட்டு வாழ்ந்தவர்கள், 1916 ஏப்ரலில் மூன்று சிறு படகுகளில் யானைத் தீவை அடைந்தார்கள். அங்கிருந்து ஷாக்கிள்டன் உள்ளிட்ட ஆறு பேர், ஏழு மீட்டர்கூட இல்லாத ‘ஜேம்ஸ் கெய்ர்ட்’ என்ற படகில், உலகின் மிகக் கொந்தளிப்பான கடலில் ஏறத்தாழ 800 கடல் மைல் கடந்து, ஏப்ரல் 24இல் புறப்பட்டு மே 10இல் தெற்கு ஜார்ஜியாவில் கரையேறினார்கள். தீவில் விடப்பட்ட 22 பேரும் ஆகஸ்ட் 30இல் ‘யெல்சோ’ என்ற சிலி நாட்டுக் கப்பலால் மீட்கப்பட்டனர்.

இந்தச் சாதனையைத் தலைமைப் பண்புக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லிச் சொல்லி, நிர்வாகப் பயிற்சி வகுப்புகளில் ஷாக்கிள்டனை ஒரு சிலையாக்கிவிட்டார்கள். லான்சிங்கின் நூலை அதற்காக வாசிப்பது வீண் என்பது என் கருத்து. பிழைத்திருந்தவர்களை நேரில் கண்டு பேசியும் பயணிகளின் நாட்குறிப்புகளைப் படித்தும் எழுதியதால், அவருடைய பக்கங்களில் 28 பேருக்கும் முகம் இருக்கிறது. அந்த முகங்களில் ஒன்று தச்சர் ஹாரி மெக்னிஷ். ஜேம்ஸ் கெய்ர்ட் படகின் பக்கங்களை உயர்த்தி, கிடைத்த பலகைகளையும் கேன்வாஸ் துணியையும் கொண்டு அதற்கு மேல்தளம் அமைத்தவர் அவர். பலகை இடுக்குகளை அடைக்க விளக்குத் திரியும் ஓவியரின் எண்ணெய் வண்ணமும் கடல்நாயின் இரத்தமும் பயன்பட்டன. உறைந்து விறைத்த கேன்வாஸை அடுப்பின்மேல் சிறிது சிறிதாக இளக்கித்தான் ஊசியேற்ற முடிந்தது. அந்தத் தச்சு வேலை இல்லையென்றால் அந்தக் கடலில் படகு இரண்டு நாள்கூடத் தாங்கியிருக்காது.

அத்தகைய மெக்னிஷுக்குத் துருவப் பதக்கம் வழங்கப்படவில்லை. பனியின் மேல் படகுகளை இழுத்துச் செல்லும் வீண் உழைப்பை எதிர்த்து ஒருநாள் அவர் மறுத்துப் பேசியதை ஷாக்கிள்டன் மறக்கவில்லை. பதக்கப் பரிந்துரையில் அவர் பெயரைச் சேர்க்காமல் விட்டுவிட்டார். ஆறு பேரில் ஒருவராக அதே படகில் அலைகளைக் கடந்து வந்தவருக்கு இப்படி நேர்ந்தது என்பதை அறிந்தபோது எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. ஷாக்கிள்டனின் பெருமை இதனால் அழிந்துவிடாது. கரையேறிய பின்னரும் ஓய்வின்றிக் கப்பல் தேடி அலைந்து, யானைத் தீவில் விட்டுவந்த ஒவ்வொருவரையும் உயிரோடு மீட்ட மனிதர் அவர். ஆனால் மன்னிக்கத் தெரியாத ஒரு பக்கமும் அவருக்கு இருந்தது. அதையும் அறிந்து வாசிப்பவருக்கே இந்த வரலாறு முழுமையாகத் திறக்கும். கப்பலின் சிதைவு 2022 மார்ச்சில் கடலுக்கடியில் சுமார் 3,000 மீட்டர் ஆழத்தில் கண்டுபிடிக்கப்பட்டது. பின்பக்கத்தில் அதன் பெயர் இன்னும் படிக்கும்படி இருக்கும் அந்தப் புகைப்படத்தையும் நூலோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

மலையேற்ற நூல்களில், ஜான் கிராக்கவரின் ‘இன்டு தின் ஏர்’ எல்லோருக்கும் தெரிந்தது. 1996 மே 10இல் எவரெஸ்ட்டில் வீசிய புயலில் எட்டுப் பேர் இறந்த நிகழ்வை, அன்று சிகரம் ஏறியவர்களில் ஒருவராக நின்று எழுதியிருக்கிறார். விறுவிறுப்பான நூல். அதே இரவைப் பற்றி, அன்று மற்றொரு குழுவின் வழிகாட்டியாக இருந்த அனடோலி பூக்ரீவின் தரப்பைச் சொல்லும் நூல் வேறு விதமாகப் பேசுகிறது என்பதால், இரண்டையும் அடுத்தடுத்து வாசிப்பதே நியாயம்.

ஆனால் இந்த வகையில் என் பரிந்துரை, பீட்டர் சக்கர்மனும் அமாண்டா படோவனும் எழுதி 2012இல் வந்த ‘பரீட் இன் த ஸ்கை’. 8,611 மீட்டர் உயரமுள்ள கே2 மலையில் 2008 ஆகஸ்ட் மாதம் 11 பேர் உயிரிழந்த பேரிடரை, வழிகாட்டிகளின் பக்கத்திலிருந்து சொல்லும் நூல் இது. பனிப்பாறை சரிந்து நிலைக்கயிறுகளை அறுத்துவிட்ட பிறகு, ‘பாட்டில்நெக்’ எனப்படும் செங்குத்தான பனிச்சரிவின் மேலே இருட்டில் சிக்கியவர்களில் வழிகாட்டிகளான சிரிங் தோர்ஜியும் பசாங் லாமாவும் இருந்தார்கள். பசாங்கிடம் பனிக்கோடரி இல்லை. கயிற்றை நிலைநிறுத்துவதற்காக அதை முன்பே கொடுத்துவிட்டிருந்தார். சிரிங் அவரைத் தம் இடுப்புவாரோடு பிணைத்துக்கொண்டு, ஒரே கோடரியைக் கொண்டு இருவர் எடையையும் தாங்கியபடி, அடிமேல் அடியாக இறங்கினார். இருவரும் பிழைத்தார்கள். தன் உயிருக்கே உறுதியில்லாத இடத்தில் இன்னோர் உயிரைத் தன் உடம்போடு கட்டிக்கொள்ளும் இந்த முடிவைப் போன்ற ஒன்றை இந்த ஆண்டு வாசித்த எந்த நூலிலும் நான் காணவில்லை. அவர்கள் பிறந்த ஊர்கள், பட்ட கடன், காத்திருக்கும் குடும்பம், மலையைத் தெய்வமாக வணங்கிக்கொண்டே அதன்மேல் கால் வைக்கவேண்டிய தவிப்பு ஆகிய அனைத்தையும் ஆசிரியர்கள் பொறுமையாகச் சொல்லிவிட்டே மலைக்கு வருகிறார்கள். நடுவில் சில வரலாற்றுப் பகுதிகள் நீள்கின்றன, கடந்து வாசித்துவிடலாம்.

தோர் ஹெயர்டாலின் ‘கோன்-டிக்கி’ மகிழ்ச்சியான நூல். 1947இல் ஆறு பேர், ஆணி அடிக்காமல் கயிற்றால் பிணைத்த ஒன்பது பால்சா மரங்களாலான தெப்பத்தில், பெருவிலிருந்து 101 நாட்களில் பாலினேசியத் தீவுகளை அடைந்தார்கள். இரவில் தெப்பத்தில் வந்து விழும் பறக்கும் மீன்களைக் காலையில் பொரித்துத் தின்றார்கள் என்பது போன்ற பகுதிகளைச் சிறுவர்களுக்கு உரக்க வாசித்துக் காட்டலாம். ஆனால் விண்மீன்களையும் அலைகளையும் பார்த்தே பசிபிக் பெருங்கடலைக் கடந்த பாலினேசியக் கடலோடிகளின் திறமைக்கு அதில் உரிய இடமில்லை. தென்னமெரிக்காவிலிருந்து வந்தவர்களே அத்தீவுகளில் குடியேறினர் என்ற ஹெயர்டாலின் கொள்கையை அறிஞர் உலகம் ஏற்கவில்லை. அம்மக்களின் முதன்மை மூதாதையர் ஆசியப் பக்கத்திலிருந்து வந்தவர்களே.

ஆன்றி ஷாரியரின் ‘பாப்பியோன்’ நூலை ரா.கி. ரங்கராஜனின் ‘பட்டாம்பூச்சி’யாக வாசித்தேன். கையில் எடுத்தால் கீழே வைக்க முடியாத மொழிபெயர்ப்பு. பிரெஞ்சு கயானாவின் கைதிக் குடியிருப்பிலிருந்து தப்பியதாக அவர் 1969இல் எழுதிய இந்த நூலில், பிற கைதிகளுக்கு நேர்ந்தவற்றையும் தம்முடையவையாகச் சேர்த்துக்கொண்டார் என்று பின்னர் ஆராய்ந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். தப்பியோடுபவர்களுக்குத் தொழுநோயாளிகள் தங்கள் தீவில் படகும் பணமும் திரட்டிக் கொடுக்கும் பகுதி மிக உயர்ந்தது. ஆயினும் அடுத்தவர் பட்ட துன்பத்தைத் தன் பெயரில் எழுதிக்கொண்டது உண்மையானால், அந்த முகம் தெரியாத கைதிகளுக்கு இழைக்கப்பட்ட இரண்டாவது அநீதி அது என்றே கருதுகிறேன்.

கடைசியாக வாசித்தது ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’. 1972இல் வெளிவந்த இந்த நாவலைச் சாகச நூல் என்ற அடுக்கில் யாரும் வைப்பதில்லை, நான் வைப்பேன். பிழைப்பு தேடிக் கடல் கடந்து சுமத்ராத் தீவின் மெடானிலும் மலேயாவின் பினாங்கிலும் வட்டிக்கடைகளில் வேலை பார்த்த தமிழர்களின் உலகம், இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் கைக்கு மாறிய காலத்தில் நடக்கும் கதை. இளம் வயதில் மெடானுக்கு வேலைக்குப் போனவர் சிங்காரம். அவர் காட்டும் கடைத்தெருவில் மணமும் கூச்சலும் இருக்கின்றன. மேலே சொன்ன பயண நூல்களில் நாயகர் ஒரு நோக்கத்தோடு, நிதி திரட்டி, கருவிகளோடு புறப்படுகிறார். சிங்காரத்தின் பாண்டியனும் உடன் செல்பவர்களும் சரக்கு ஏற்றிய தொங்கான் என்ற மரக்கலத்தில் பினாங்குக்குப் போகும் சாதாரணப் பயணிகள். புயல் வந்துவிடுகிறது. அப்போது அவர் உரைநடையே மாறுகிறது: நீண்டு ஓடிக்கொண்டிருந்த வாக்கியங்கள் ஒடிந்து, வினைச்சொற்கள் மட்டும் அடுத்தடுத்து வந்து மோதுகின்றன. யாரும் அங்கே வீரர் இல்லை. கையில் கிடைத்ததைப் பற்றிக்கொண்டு கிடக்கிறார்கள். படகை நடத்துபவர்கள் தங்களுக்குத் தெரிந்த வேலையைச் செய்துகொண்டிருக்கிறார்கள்.

அந்தப் புயல் பகுதியை மட்டும் தனியே எடுத்துப் பாராட்டும் வழக்கம் நம்மிடையே இருக்கிறது. அப்படி வாசிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். கடைத்தெருக்களில் மெல்ல நகரும் தொடக்கப் பக்கங்கள் சிலருக்குச் சோர்வளிக்கலாம். பெயர்களும் ஊர்களும் குழப்பலாம். ஆனால் அந்தத் தெருக்களில் அவர்களோடு நடந்து, அவர்கள் பேச்சைக் கேட்டு, மதுரையையும் சின்னமங்கலத்தையும் எண்ணி அவர்கள் ஏங்குவதை அறிந்த பிறகு தொங்கானில் ஏறுபவருக்கு, அலை எழும்போது யார் யார் அதில் இருக்கிறார்கள் என்பது தெரிந்திருக்கும்.